விக்கைக் கழற்றிய கணித ஆசிரியை: ஒரு நிகழ்வு ஆய்வு

முன்குறிப்பு

இந்தப் பதிவில் வருபவரிடம் எழுத்துபூர்வ ஒப்புதல் பெறப்பட்டிருக்கிறது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். வரைவை அவரே படித்துச் சில இடங்களைத் திருத்தினார். ஒரு பகுதியை நீக்கச் சொன்னார், நீக்கிவிட்டேன். தோற்றத்தை மாற்றிக்கொள்ள நினைத்து வருபவர்களோடு வேலை செய்யும் ஆலோசகர்களுக்காக எழுதியது. வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் குடும்பத்தாரும் படிக்கலாம்.

பின்னணி

முப்பதுகளின் நடுவில் இருக்கும் பெண். திருமணமானவர். உயர் வகுப்புகளுக்குக் கணிதம் எடுக்கிறார். பாடம் நடத்துவதில் நல்ல பெயர்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் பின்தலையில் நாணய அளவுக்கு முடி இல்லாத ஓர் இடத்தைக் கணவர்தான் முதலில் கவனித்தார். தோல் மருத்துவர் சொன்ன பெயர் அலோபீசியா ஏரியேட்டா, பேச்சுவழக்கில் புழுவெட்டு. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே முடியின் வேர்ப்பைகளைத் தாக்குவதால் வருவது. தொற்றாது. 100 பேரில் ஏறத்தாழ 2 பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வருகிறது. வேர்ப்பைகள் அழிந்துபோவதில்லை என்பதால் முடி எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரலாம். வந்தது மறுபடியும் கொட்டலாம். இந்த நோயோடு வாழ்பவர்களை அதிகம் வாட்டுவது இந்த நிச்சயமின்மைதான் என்பது என் கணிப்பு. போனது போனதுதான் என்று தெரிந்தால் மனம் ஒருவழியாகப் பழகிக்கொள்ளும். நாளைக்கு வரலாம் என்றால் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது.

ஸ்டீராய்டு ஊசி போட்டதில் முதல் திட்டு மூடியது. பிறகு வேறு இடங்களில் கிளம்பியது. மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் பாதித் தலைக்கு மேல் முடி இல்லை. புருவங்களின் வெளிப்பகுதியும் போயிருந்தது. அப்போதுதான் விக் வாங்கினார். தோள்வரை நீளம், பழைய முடியின் அதே நிறம், நல்ல வேலைப்பாடு. பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது என்று நம்பினார்.

மருந்து எடுத்துக்கொள்ளவில்லையா என்று படிப்பவர்கள் கேட்பார்கள். தீவிர நிலைக்கான முதல் மாத்திரையாக பாரிசிட்டினிப்புக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022 ஜூனில் அனுமதி கொடுத்தது. அதற்கு அடிப்படையான இரண்டு பெரிய சோதனைகளில், 4 மில்லிகிராம் எடுத்தவர்களில் 36 வாரங்களில் தலையில் 80 சதவீதமோ அதற்கு மேலோ முடி வந்தவர்கள் 100க்கு 36 முதல் 39 பேர். மருத்துவர் இதையெல்லாம் விளக்கினார். ஆனால் அவரும் கணவரும் குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தார்கள். கர்ப்பகாலத்தில் இந்த மருந்து கூடாது. ஆகவே தள்ளிவைத்தார். அது அவரும் மருத்துவரும் சேர்ந்து எடுத்த முடிவு. என் பங்கு அதில் எதுவும் இல்லை.

என்ன கேட்டு வந்தார்

கணிதத் துறைத் தலைவர் பொறுப்பு அவருக்கு வந்தது. வேண்டாம் என்றார். முதல்வர் காரணம் கேட்டபோது வீட்டில் வேலை அதிகம் என்று சொல்லியிருக்கிறார். உண்மைக் காரணம், அந்தப் பொறுப்பில் இருப்பவர் பெற்றோர் கூட்டத்தில் மேடையேறிப் பேச வேண்டும். மேடையில் பெரிய மின்விசிறி இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் அழுகை வரவில்லை, கோபம் வந்தது என்றார். "ஒரு ஃபேனுக்குப் பயந்து பதவியை விட்டுட்டேன்."

முதல் சந்திப்பில் உட்கார்ந்த உடனே கேட்டது: "மொட்டை போட்டுட்டா இதெல்லாம் முடிஞ்சிடுமா மேடம்?"

கண்டவை

பதில் சொல்லாமல், பள்ளிக்குப் போகும் ஒரு நாளை விடிந்ததிலிருந்து சொல்லச் சொன்னேன். பிறகு எடுத்த எல்லா முடிவுகளுக்கும் அடிப்படை அன்று அவர் சொன்னதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

விக்குக்கு மட்டும் காலையில் முக்கால் மணி நேரம். நெற்றி விளிம்பில் டேப் ஒட்டி, காதுக்கு மேலே எஞ்சியிருந்த முடியில் கிளிப்பை அழுத்தி, தலையைக் குனிந்து, நிமிர்ந்து, இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்ப்பார். வகுப்பில் மின்விசிறிக்கு நேர்கீழே நிற்பதில்லை. சாக்பீஸ் கைதவறி விழுந்தால் குனிந்து எடுப்பதில்லை. விழுந்ததைப் பார்க்காததுபோல் இன்னொன்றை எடுத்துக்கொள்வார். மாணவர்களுக்கு முதுகு காட்டி போர்டில் எழுதுவதை எப்போதோ விட்டுவிட்டார். பின்பக்கம் விக்கின் விளிம்பு கழுத்தில் தூக்கிக்கொண்டு தெரியும் என்ற பயம். கணக்குகள் முழுவதையும் புரொஜெக்டருக்கு மாற்றியிருந்தார். "டெக்னாலஜியை நல்லா யூஸ் பண்றேன்னு சர்டிஃபிகேட் கூடக் கொடுத்தாங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

குழுப் புகைப்படம் எடுத்தால் கடைசியில், ஓரத்தில். தோழிகள் கட்டிப்பிடிக்க வந்தால் கையை நீட்டிக் குலுக்கிவிடுவார். ஆசிரியர் கூட்டத்தில் பேசினால் எல்லாத் தலையும் தன் பக்கம் திரும்பும் என்பதால் பேசுவதில்லை. தான் சொல்ல நினைத்ததை இன்னொருவர் சொல்லிப் பாராட்டு வாங்கியதை இரண்டு முறை பார்த்திருக்கிறார். ஆடைகள் சாம்பல், பழுப்பு, கருநீலம். கல்லூரிக் காலத்தில் மஞ்சள்தான் பிடித்த நிறம் என்பதைப் பேச்சுவாக்கில் சொன்னார், நானும் குறித்துக்கொண்டேன்.

சமூகப் பதற்றத்தை விளக்க கிளார்க், வெல்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1995இல் ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். பயந்தது நடக்காமலிருக்க ஒருவர் செய்துகொள்ளும் இத்தகைய சின்னச் சின்ன ஏற்பாடுகளே பயத்தை உயிரோடு வைத்திருக்கின்றன என்பது அதன் முக்கியக் கூறு. குனியாததால்தான் மானம் தப்பியது என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும்; குனிந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே இருக்காது. கவனமும் வெளியே இருக்க வேண்டிய இடத்தை விட்டு உள்ளே திரும்பிவிடும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து பேசுபவரைப் போலத்தான் அவர் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு விஷயங்களை முதலில் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஒன்று, இது உடல் உருவ மனக்கோளாறா என்பது. மற்றவர் கண்ணுக்குத் தெரியாத, அல்லது மிகச் சிறிய குறையை நினைத்து நாளெல்லாம் அல்லாடுபவர்களுக்குத் தோற்றத்தை மாற்றிக்கொடுப்பது பெரும்பாலும் உதவுவதில்லை. கவலை வேறோர் உறுப்புக்கு மாறிவிடும். இங்கே இழப்பு கண்கூடு, அதனால் அந்தக் கேள்வி விரைவில் தீர்ந்தது. இன்னொன்று மனச்சோர்வு. 27க்கு மதிப்பெண் தரும் பிஎச்க்யூ-9 வினாத்தாளில் 9; லேசான அளவு. தோல் நோய் அன்றாட வாழ்வை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்கும் டிஎல்க்யூஐ 1994இல் வந்த 10 கேள்விகள் கொண்ட வினாத்தாள், உச்சம் 30. அதில் அவருக்கு 19. 11 முதல் 20 வரை இருந்தால் வாழ்க்கையில் மிகப் பெரிய பாதிப்பு என்று கொள்வது வழக்கம்.

முதல் முடிவு: டிரிம்மரை இப்போது எடுக்க வேண்டாம்

அவர் கேட்டது மொட்டை. நான் சொன்னது, கொஞ்சம் பொறுக்கலாம். அவருக்கு அது பிடிக்கவில்லை. "நான் தைரியமா ஒரு முடிவோட வந்தா நீங்க பிரேக் போடுறீங்க" என்றார். நியாயமான வருத்தம்.

காரணங்களை அவரிடமே சொன்னேன். தலைமுடியை மழிப்பது சிறிய காரியம். வேண்டாமென்றால் மறுபடியும் விக் வைத்துக்கொள்ளலாம். ஆனால் செய்தி ஒருமுறை வெளியே போனால் திரும்பாது. அவர் எடுக்க நினைத்த முடிவின் எடை தலைமுடியில் இல்லை, அந்தச் செய்தியில் இருந்தது. அடுத்தது, அவருடைய எல்லாத் துன்பமும் விக்கின் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. மொட்டை அடித்த பிறகும் பயம் தொடர்ந்தால்? அப்போது குற்றம் சாட்ட விக்கும் இருக்காது, தன்னையே சாட்டிக்கொள்வார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அவருக்குள் இரண்டு பயங்கள் ஒன்றாகக் கலந்திருந்தன: விக் வைத்திருப்பது தெரிந்துவிடும் என்பது ஒன்று, தெரிந்தால் மதிப்பு போய்விடும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. நம்மை எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பதாக நாம் மிகையாக நினைக்கிறோம் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. 2000இல் வெளியான ஓர் ஆய்வில் மாணவர்களுக்கு ஒரு பாடகரின் முகம் போட்ட, போடவே கூச்சமான டி-சட்டையை மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிக்கும் குறைவு. விக்கின் விளிம்பு தெரிகிறதா என்ற பயத்துக்கு இந்த ஆய்வு பொருந்தும். மொட்டைத் தலைக்குப் பொருந்தாது. மொட்டையடித்த பெண்ணை மக்கள் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள். 'யாரும் கவனிக்க மாட்டாங்க' என்று நாம் சொல்லி அனுப்பினால், தெருமுனை திரும்புவதற்குள் நம் மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும். அங்கே வேண்டியது ஆறுதல் இல்லை, பார்வையையும் கேள்வியையும் சமாளிக்கும் பழக்கம்.

ஆகவே விக்கோடு இருக்கும்போதே முதல் பயத்தைச் சோதிப்பது, இரண்டாவதற்குத் தனியாகத் தயாராவது, மொட்டை பற்றிய முடிவை அதற்குப் பிறகு எடுப்பது என்று பேசி வைத்தோம்.

விக் தலையில் இருக்கும்போதே

ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் என்ன நடக்கும் என்று அவர் எழுதுவார்; பிறகு நடந்ததை எழுதுவார். கணித ஆசிரியை என்பதால் இதில் எனக்கு வேலையே இல்லை. அட்டவணை போட்டுக் கொண்டுவந்தார்.

முதலில் போர்டு. 'முதுகைத் திருப்பினால் பத்து பேராவது குசுகுசுப்பார்கள்' என்பது கணிப்பு. நடந்தது: எழுத்து சின்னதாக இருக்கிறது, பெரிதாக எழுதுங்கள் என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். பிறகு சாக்பீஸைக் குனிந்து எடுத்தார். பிறகு மின்விசிறி. அதற்கு மட்டும் பல நாள் பிடித்தது. காற்றுபடும் ஓரத்திலிருந்து ஒவ்வோர் அடியாக நடுவுக்கு வந்தார்.

இந்தக் கட்டத்தில் கிளெக், ஸ்ட்ரெண்டா என்ற இருவர் 1980இல் வெளியிட்ட சோதனையைச் சொன்னேன். கலந்துகொண்டவர்களின் முகத்தில் ஒப்பனையால் ஒரு தழும்பை வரைந்து கண்ணாடியில் காட்டுவார்கள். இன்னொருவரைச் சந்திக்கப் போவதற்குச் சற்று முன், கலையாமலிருக்க மேலே ஏதோ பூசுவதாகச் சொல்லி, அவர்களுக்குத் தெரியாமல் தழும்பைத் துடைத்துவிடுவார்கள். சந்திப்பு முடிந்து வந்தவர்கள், தழும்பினால் எதிரிலிருந்தவர் தங்களிடம் வேறு மாதிரி நடந்துகொண்டதாகச் சொன்னார்கள். தழும்போ முகத்தில் இல்லவே இல்லை. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆனா எனக்கு உண்மையிலேயே முடி இல்லையே" என்றார். சரிதான். விக் வைத்திருக்கும் வரை எதிரில் இருப்பவர் முகத்தில் அவர் படிப்பதில் எவ்வளவு தானே எழுதியது என்று சந்தேகிக்க அந்தச் சோதனை பயன்பட்டது. அதற்கு மேல் அதை இழுக்கவில்லை.

அடுத்த படி, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்வது. உடன் வேலை செய்யும் மூத்த ஆசிரியை ஒருவரைத் தேர்ந்தெடுத்தார். அந்த அம்மா அமைதியாகக் கேட்டுவிட்டு, "எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்மா. நீயா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன்" என்றிருக்கிறார். நிம்மதியோடு வருவார் என்று எதிர்பார்த்தேன், கொதித்துப்போய் வந்தார். "அப்ப இத்தனை நாள் நான் யாருக்காகப் பாடுபட்டேன்?" அந்தக் கேள்விக்குப் பிறகுதான் மொட்டை என்ற பேச்சின் தொனி மாறியது. முன்பு அது தப்பிக்கும் வழியாக இருந்தது. இப்போது, "விளையாட்டு போதும்னு தோணுது" என்றார்.

வீட்டில்

கணவர் அன்பானவர். ஆரம்பத்திலிருந்து அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "எனக்கு நீ எப்படி இருந்தாலும் சரிதான்." அதைக் கேட்டால் ஏன் எரிச்சல் வருகிறது என்று மனைவிக்கே புரியவில்லை. இருவரும் சேர்ந்து வந்த சந்திப்பில் தெரிந்தது. அந்த வாக்கியம் பேச்சை அங்கேயே முடித்துவிடுகிறது. கணவருக்கும் ஒரு பயம் இருந்தது. மொட்டைத் தலையோடு பார்த்தால் முகத்தில் ஏதாவது காட்டிவிடுவோமோ என்று, விக் இல்லாத நேரங்களில் அவரை நேராகப் பார்ப்பதையே தவிர்த்துவந்திருக்கிறார். பார்க்காமல் விடுவதை இவர் அருவருப்பு என்று எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருந்ததாக நினைத்த ஆண்டுகள்.

மழித்தது ஒரு விடுமுறை நாள். முன்பக்கத்தை அவரே டிரிம்மரால் எடுத்தார். கை எட்டாத பின்பக்கத்தைக் கணவர் எடுத்துவிட்டார். முதன்முதலில் திட்டைப் பார்த்த அதே இடத்துக்கு வந்தபோது கணவரின் கை கொஞ்சம் நின்றதாம். நானும் கேட்கவில்லை, அவரும் மேலே சொல்லவில்லை.

அம்மாவைச் சமாளிப்பது கடினமாக இருந்தது. "நாலு பேர் என்ன நினைப்பாங்க" என்பதில் தொடங்கி, "நான் இருக்கிற வரைக்காவது விக்கைப் போட்டுக்கோ" என்பதுவரை போனது. அம்மாவை மாற்றுவது நம் வேலையில்லை என்று முடிவெடுத்தோம். அம்மா வீட்டுக்குப் போகும்போது ஸ்கார்ஃப் கட்டிக்கொள்வது என்ற உடன்பாட்டுக்கு வந்தார்கள். இன்றும் அப்படித்தான்.

பள்ளியில்

முதல்வரிடம் போனது அனுமதி கேட்பதற்கு இல்லை, தகவல் சொல்வதற்கு. இந்த வேறுபாட்டை முன்கூட்டியே பேசி வைத்தோம். முதல்வர் நல்லெண்ணத்தோடு, எல்லாப் பெற்றோருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாமா என்றார். இவர் மறுத்துவிட்டார். மற்ற ஆசிரியர்களுக்கு மட்டும் ஒரு சிறு குறிப்பு போனது.

கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகினோம். தோற்ற வேறுபாடு உள்ளவர்களுக்கு உதவும் அமைப்புகள் கற்றுத்தரும் எளிய முறை ஒன்று உண்டு: சுருக்கமாக விளக்கு, எதிரில் இருப்பவரின் பதற்றத்தைத் தணி, பேச்சை வேறு பக்கம் திருப்பு. மொட்டையைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் மனத்தில் ஓடுவது புற்றுநோய். அதைக் கேட்கவும் முடியாமல் கேட்காமலிருக்கவும் முடியாமல் திணறுவார்கள். ஆகவே அவருடைய பதில் இப்படி அமைந்தது: "இது முடி கொட்டுற ஒரு பிரச்சினை. வேற எந்த நோயும் இல்ல, நல்லா இருக்கேன். சரி, அந்த மூணாவது கணக்கு என்னாச்சு?" கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தார், கணவரிடம் சொன்னார், என்னிடம் எரிச்சலோடும் சிரிப்போடும் சொன்னார். வாயில் தானாக வரும்வரை.

முதல் வகுப்புக்குத் தனக்கு நன்றாகப் பழகிய பிரிவைத் தேர்ந்தெடுத்தார். உள்ளே போனதும் அறை அமைதியானது. பழகிய வாக்கியங்களைச் சொன்னார். "கேள்வி இருந்தா இப்பவே கேளுங்க, அப்புறம் கணக்குதான்." ஒரு மாணவி, "வலிக்குமா மிஸ்?" என்றாள். இன்னொருவன், "திரும்ப வளருமா மிஸ்?" முதல் கேள்விக்கு இல்லை, இரண்டாவதற்குத் தெரியாது. பிறகு போர்டு பக்கம் திரும்பி முக்கோணவியல் கணக்கொன்றை எழுத ஆரம்பித்தார். பாதி வகுப்பில்தான் தலையைப் பற்றிய நினைவே இல்லாமல் இருந்ததை உணர்ந்ததாகவும், உணர்ந்த உடனே நினைவு வந்துவிட்டதாகவும் சொன்னார்.

சறுக்கல்

சில வாரங்களில் ஒரு மாணவன் வகுப்பில் ரகசியமாக எடுத்த படம் மாணவர் குழு ஒன்றில் கேலி வாசகத்தோடு சுற்றியது. இன்னொரு மாணவி அதைக் கொண்டுவந்து காட்டினாள். மறுநாள் அவர் விக் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். அந்த வாரம் முழுவதும் அப்படித்தான்.

விக்கைக் கழற்றச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. கழற்றியே ஆகவேண்டும் என்றால் அது இன்னொரு கட்டாயம். வைத்தே ஆகவேண்டும் என்பதிலிருந்து அதிகம் விலகியதல்ல. அதற்குப் பதிலாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு முடிவெடுக்கச் சொன்னேன்: இன்று விக் இல்லாமலும் போக முடியுமா? முடியும், ஆனாலும் வைத்துக்கொள்கிறேன் என்றால் அது விருப்பம். முடியாது என்றால் அதைப் பற்றிப் பேசலாம். முதல் மூன்று நாள் பதில் முடியாது என்றே இருந்தது. வாரக் கடைசியில், "முடியும், ஆனா இன்னைக்குச் சண்டை போடத் தெம்பில்ல" என்று மாறியது.

பள்ளி அந்த மாணவனை இடைநீக்கம் செய்ய நினைத்தது. அவர் நேரில் பேசக் கேட்டார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு மன்னிப்பு கேட்டான். "மன்னிச்சிட்டேன்னு சொல்லத் தோணல, அதனால சொல்லல. இனிமே பண்ணாதேன்னு மட்டும் சொன்னேன்" என்றார் என்னிடம். இந்த இடத்தில் பெருந்தன்மையைக் கட்டாயமாக எதிர்பார்ப்பது நம் வழக்கம். அவரிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த வாரம் விக் இல்லாமல் போனார்.

தோற்றம் அவர் கைக்கு வந்தது

இதுவரை நடந்ததெல்லாம் மறைப்பதை நிறுத்தியதுதான். தன்னைக் காட்டிக்கொள்வது அதற்குப் பிறகு, யாரும் திட்டமிடாமல் வந்தது. முதலில் காதணிகள். முடி மறைக்காததால் காது முழுதாகத் தெரிகிறது, பெரிதாகப் போட்டால் நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடித்தார். பிறகு நிறங்கள். கண்ணை இழுக்காத ஆடையால் இனி பயனில்லை. எப்படியும் பார்க்கத்தான் போகிறார்கள், பார்ப்பது மஞ்சளாகவே இருக்கட்டும் என்றார். இடைவெளியில்லாமல் தளத்தை நிரப்பும் வடிவங்களை வகுப்பில் நடத்துவதற்காக ஒரு துணியில் தானே வரைந்து, அதைத் தலையில் கட்டிக்கொண்டு போனார். எந்த அடிப்படை வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது என்று கண்டுபிடிப்பது மாணவர்களுக்கு அன்றைய வேலை.

விக்கையும் தூக்கிப் போடவில்லை. பழையதை வைத்திருக்கிறார், புதிதாக ஒன்றும் வாங்கினார், காதளவுக் குட்டை முடி, பளிச்சென்ற சிவப்பு. பார்த்ததும் விக் என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த நிறம். டேப் கூட ஒட்டுவதில்லை. ஆண்டு விழாவில் அதைப் போட்டுக்கொண்டு போய், புழுக்கம் தாங்காமல் நடுவில் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாராம். தொடக்கத்தில் பார்த்த அத்தனை ஏற்பாடுகளையும் நினைத்தால், இந்த நிகழ்வில் எனக்கு ஆகப் பெரிய மாற்றமாகத் தெரிவது அந்தக் கைப்பைதான்.

முடி திரும்பியபோது

ஒரு கட்டத்தில் உச்சந்தலையில் வெள்ளையாக, மென்மையாக முடி முளைக்கத் தொடங்கியது. புழுவெட்டில் திரும்பும் முடி முதலில் நிறமில்லாமல் வருவது சாதாரணம். எல்லாரும் மகிழ்ந்தார்கள், அம்மா அழுதார். அவருக்கோ தூக்கம் போய்விட்டது. காலையில் கண்ணாடி, பள்ளியிலிருந்து வந்ததும் கண்ணாடி, இரவில் கைபேசியில் படம் எடுத்து முந்தின நாள் படத்தோடு ஒப்பிடுவது. மொட்டைத் தலையோடு வகுப்பில் நிமிர்ந்து நின்றவர் மறுபடியும் கூட்டத்தில் பேசாமல் இருக்க ஆரம்பித்தார்.

இழப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது வந்த துணிச்சல், இழக்க ஏதோ கிடைத்ததும் ஆட்டம் கண்டது. இங்கே மூன்று முடிவுகள் எடுத்தோம். அளந்து பார்ப்பதைத் தோல் மருத்துவரிடம் விட்டுவிடுவது. வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்கும் படங்களை நிறுத்துவது. வருகிற முடியை வளர்ப்பதா மழிப்பதா என்பதை அவர் தன் வசதிப்படி முடிவு செய்வது. கொஞ்ச காலம் வளர விட்டார், திட்டுத் திட்டாக வந்தது, தனக்கு மொட்டைதான் அழகாக இருக்கிறது என்று மறுபடியும் மழித்தார். அப்போது யாரிடமும் கேட்கவில்லை. என்னிடம்கூட அடுத்த சந்திப்பில்தான் சொன்னார்.

எண்களும் அவற்றுக்கு வெளியே இருப்பவையும்

ஓர் ஆண்டு முடிவில் டிஎல்க்யூஐ 19இலிருந்து 7க்கு வந்திருந்தது. இந்த வினாத்தாளில் 4 புள்ளி மாறினாலே நோயாளிக்குத் தெரியும்படியான மாற்றம் என்று கொள்கிறார்கள். பிஎச்க்யூ-9 மதிப்பெண் 4. துறைத் தலைவர் பொறுப்பு மறுபடியும் வந்தபோது ஏற்றுக்கொண்டார். பெற்றோர் கூட்டத்தில் பேசினார். பேச்சு சுமார்தான் என்பது அவருடைய மதிப்பீடு.

இது ஒருவருடைய கதை. தோழியின் ஆதரவு, கணவரோடு பேசியது, அனுசரணையான முதல்வர், காலம் என்று எல்லாமே கலந்திருக்கிறது; மொட்டைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. வேலையிடம் இவ்வளவு இணக்கமாக இல்லாத ஒருவருக்கு இதே வரிசையைப் பரிந்துரைக்கத் தயங்குவேன்.

மாறாதவையும் உண்டு. தெரியாத இடத்தில் உற்றுப் பார்த்தால் இன்னும் உடம்பு கூசுகிறது. புருவத்தைத் தினமும் பென்சிலால் வரைகிறார். வரையாமல் வெளியே போவதில்லை, போகவும் விரும்பவில்லை. அதையும் சோதனைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று ஒருமுறை கேட்டேன். "அது எனக்குத் தொந்தரவா இல்ல மேடம், விட்டுடுங்க" என்றார். விட்டுவிட்டேன்.

இனி மாற்றிச் செய்யப்போவது

இணையரைத் தொடக்கத்திலேயே அழைப்பேன். இந்த நிகழ்வில் கணவரின் விலகிய பார்வை வெளிச்சத்துக்கு வருவதற்குள் பாதி வேலை முடிந்திருந்தது. வெளியே தெரியப்படுத்தும் நாளுக்கு முன்பே, யாராவது படம் எடுத்துப் பரப்பினால் யாரிடம் சொல்வது, பள்ளி என்ன செய்யும், அன்று வீட்டில் யார் துணை இருப்பது என்று எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வேன். முடி திரும்ப வரக்கூடிய நோய்களில் 'வந்தால் என்ன செய்வீர்கள்' என்ற கேள்வியை, வராமலே போகலாம் என்ற பேச்சோடு சேர்த்து முதல் மாதத்திலேயே கேட்டுவிடுவேன். டிஎல்க்யூஐ போன்ற வினாத்தாள்களோடு, ஒரு நாளில் மறைப்பதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்று அவர்களையே குறித்துவரச் சொல்வதையும் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். இவருக்கு அது காலையில் முக்கால் மணி நேரம். இப்போது அந்த நேரத்தில் தூங்குகிறார்.